வேணும் என்று சொன்னவர்கள்

மலாக்கா செயிண்ட் பால் குன்றின்மேல் கூரையில்லாமல் நிற்கும் பழைய தேவாலயத்துக்குள் ஒரு குழி இருக்கிறது. மேலே கம்பிவலை போட்டு மூடியிருப்பார்கள். சுற்றுலாப் பயணிகள் வலைக்குள் சில்லறையைப் போட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். 1553 மார்ச்சில் சீனக் கரையோரத் தீவு ஒன்றிலிருந்து கொண்டுவரப்பட்ட பிரான்சிஸ் சவேரியாரின் உடல் சுமார் ஒன்பது மாதம் இந்தத் தேவாலயத்தில்தான் இருந்தது. பிறகு கோவாவுக்குப் போனது. வாசலில் அவருடைய வெள்ளைச் சிலைக்கு வலது கை இல்லை. புனிதப்படுத்திய மறுநாளே மரம் விழுந்து கை முறிந்தது என்பார்கள். 1614இல் உண்மை உடலின் வலது முன்கையை வெட்டி ரோமுக்கு அனுப்பினார்கள் என்பதையும் இதையும் சேர்த்துச் சொன்னால், சுற்றுலா வழிகாட்டிக்கு அன்றைய கூலி நியாயமாகிவிடும்.

எனக்கு அந்தக் கையைவிட அவர் சொன்ன ஒரு பதில் முக்கியம். ஜப்பானில் சொன்னது. அதே பதிலை, கிட்டத்தட்ட அதே சொற்களில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வீட்டு வாசலில் வேறொருவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

சவேரியார் மலாக்காவுக்கு வந்ததே தமிழ் நிலத்திலிருந்துதான். போர்ச்சுக்கலிலிருந்து 1542 மே மாதம் கோவா வந்தவர், அந்த வருடக் கடைசியில் முத்துக்குளித்துறைக்குப் போனார். அங்கே பரதவர்கள் அவருக்குச் சில வருடங்கள் முன்பே, 1535-37 வாக்கில், ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முத்துக்குளிப்பு உரிமை தொடர்பாக முஸ்லிம் வணிகர்களோடு மோதல். போர்ச்சுக்கீசியக் கப்பற்படையின் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் சொல்லிக்கொடுக்க யாரையும் விட்டுப்போகவில்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மொழி தெரிந்த சிலரை உட்காரவைத்து, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள் எல்லாவற்றையும் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்க் குழந்தைகளைக் கூப்பிட்டுச் சொல்லவைத்தார்.

அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சங்கதி இருக்கிறது. 1544இல் அவர் தம் உதவியாளர் பிரான்சிஸ்கு மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் அதுவரை 'வேணும்' என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேணும் என்றால் விரும்புகிறேன் என்றல்லவா அர்த்தம், இனிமேல் அங்கே 'விசுவாசம்' என்று மாற்றிச் சொல்லுங்கள் என்கிறார். கடவுளை வேணும் என்பதைவிட விசுவசிக்கிறேன் என்பதுதான் சரி என்பது அவர் வாதம்.

இறையியல் கணக்குப்படி அவர் திருத்தியது சரிதான். ஆனால் கொஞ்ச நாள் அந்தக் கரை முழுக்கப் பிள்ளைகள் 'எனக்குக் கடவுள் வேணும்' என்ற பொருளில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தப் பிழை போனது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. பாதுகாப்பு வேணும், கடல் வேணும், பிழைக்கவேணும் என்று வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 'வேணும்' அவர்கள் வாயில் பொய் இல்லாத சொல். 'விசுவாசம்' வடமொழியிலிருந்து வந்தது, தெளிவானது, உறுதியானது. அன்றிலிருந்து தமிழ்க் கிறிஸ்தவத்தின் மையச் சொல் அதுதான்.

1545இல் மயிலாப்பூரில் புனித தோமையார் கல்லறை அருகே சில மாதங்கள் தங்கி, அடுத்து எங்கே போவது என்று ஜெபித்துவிட்டு, செப்டம்பர் வாக்கில் மலாக்கா வந்து சேர்ந்தார். இங்கேயும் அதே வேலை: ஜெபங்களை மலாயில் மொழிபெயர்க்கவைத்து மனப்பாடம். 1547 டிசம்பரில் மலாக்காவில்தான் அஞ்சிரோ என்ற ஜப்பானியர் அவரைத் தேடிவந்து சந்தித்தார். ஊரில் ஒரு கொலையில் சிக்கித் தப்பியோடி வந்தவர். அவர் சொன்னதைக் கேட்டு ஜப்பான் ஆசை பிறந்தது. 1549 ஜூனில் மலாக்காவிலிருந்து ஒரு சீனக் கப்பலில் புறப்பட்டு, ஆகஸ்ட் 15ஆம் தேதி ககோஷிமாவில் இறங்கினார்கள்.

ஜப்பான் அனுபவங்களை அவர் விரிவாக எழுதியது 1552 ஜனவரியில், கொச்சியிலிருந்து. யாமாகுச்சி நகரத்துப் புதுக் கிறிஸ்தவர்கள் அவரிடம் கேட்ட கேள்வி அந்தக் கடிதத்தில் இருக்கிறது. செத்துப்போன எங்கள் அப்பா அம்மா, பிள்ளைகள், உறவுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்? அவர்களுக்காக நாங்கள் ஏதாவது செய்யமுடியுமா? நரகத்திலிருந்து அவர்களை மீட்க வழி உண்டா? சவேரியார், இல்லை என்றார். அவர்கள் அழுதார்கள். கடவுளால் ஏன் முடியாது, ஏன் என்றென்றைக்கும் அங்கேயே இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். அவர் விளக்கம் சொன்னார். அவர்கள் அழுகையை நிறுத்தவில்லை. பரிகாரமே இல்லாத ஒன்றுக்காகத் தம் நண்பர்கள் அழுவதைப் பார்த்துத் தமக்கும் துக்கம் வந்தது என்று எழுதுகிறார்.

இந்தக் கடிதத்தைப் பற்றி முதலில் படித்தபோது கோபம்தான் வந்தது. கோவாவில் மதவிசாரணை மன்றம் வேண்டும் என்று 1546இலேயே போர்ச்சுக்கல் அரசருக்கு எழுதிக் கேட்டவரும் இவரேதான். அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தத் துக்கத்தை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். ஐரோப்பாவில் இருக்கும் சபைச் சகோதரர்கள் படித்து உற்சாகப்படுவதற்காக எழுதிய கடிதம் அது. அழுகையைச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. அவர் மண்டைக்குள் இருந்த பதில் நிச்சயமானது. எதிரே உட்கார்ந்து அழுதவர்கள் அந்தப் பதிலுக்குள் அடங்கவில்லை. இரண்டையும் அப்படியே எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதே வருடம் அவர் கடைசியாக மலாக்கா வந்தார். சீனாவுக்குத் தூதுக்குழு ஒன்றோடு போவது திட்டம். மலாக்காக் கடற்படைத் தலைவர் ஆல்வரோ டி அத்தாய்டே, வாஸ்கோட காமாவின் மகன், விடவில்லை. கப்பலின் சுக்கானையே பிடுங்கிவைத்துக்கொண்டார். தூதர் தியோகோ பெரெய்ரா மலாக்காவிலேயே நின்றுவிட, சவேரியார் தூதுக்குழு இல்லாமலேயே ஜூலையில் கிளம்பி ஷாங்சுவான் தீவு வரை போனார். சீன மண்ணில் அந்நியர் கால்வைத்தால் சிறை. ஒரு சீன வியாபாரி, மிளகுக்கூலி பேசிக்கொண்டு, இரவோடிரவாகக் கண்டோனில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அந்தப் படகு வரவில்லை. காய்ச்சல் வந்தது. அந்தோனியோ என்ற சீன இளைஞர் பக்கத்தில் இருக்க, டிசம்பர் 3 விடியுமுன் குடிசையில் இறந்துபோனார். வயது 46.

செத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவர், நாளைக்குப் படகு வருமா என்று தெரியாமல் கடலைப் பார்த்தபடி செத்துப்போயிருக்கிறார். மலாக்காவில் ஒன்பது மாதம் கிடந்தது இந்த இரண்டாவது ஆளின் உடல் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1641 ஜனவரியில் டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மறைவாக ஜெபித்த தலைமுறைகள் கடந்து, கெடுபிடி தளர்ந்தபின், 1710இல் செயிண்ட் பீட்டர் தேவாலயம் எழுந்தது. இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயங்களில் மலேசியாவிலேயே பழைய கத்தோலிக்கத் தேவாலயம் அது. ஆங்கிலேயர் காலத்தில், 1849இல், பிரெஞ்சுப் பாதிரியார் ஃபாவ்ர் முன்னின்று சவேரியார் பெயரிலேயே இரட்டைக் கோபுரத் தேவாலயம் ஒன்றைத் தொடங்கினார். கோபுரம் லேசாகச் சாய்ந்திருக்கும். மண் அப்படி.

அடுத்து ரப்பர். 1896இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரீதியான ரப்பர்த் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு புக்கிட் அசஹான், ஜாசின், மெர்லிமாவ், தெபோங், காடேக் என்று மாநிலம் முழுக்கப் பால்மரம். கங்காணிகள் பின்னால் கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். லயத்தில் இரண்டு மூன்று வீடுதான் 'வேதக்காரங்க வீடு'. காலையில் பெரட்டுக்கு எல்லாரும் ஒன்றாக நின்றார்கள், மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லா வீட்டிலும்தான் சமைத்தார்கள். புதைகுழியும் ஒரே காட்டோரம். என் அப்பா வழியினர் வேதக்காரர்களாகவே கப்பலேறியவர்கள். அம்மா வழியில் அம்மாவுக்கு முன் யாரும் கிறிஸ்தவர் இல்லை. மலாக்காவில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களை விசாரித்தால் பாதி வீட்டுக் கதை இப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் ஞானஸ்நானப் பதிவேடு, மறுபக்கம் முனியாண்டி.

ஆகவே யாமாகுச்சிக் கேள்வி எங்கள் ஊரில் புத்தகக் கேள்வி அல்ல.

என் பாட்டிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ஓர் அண்ணன் இருந்தார். 1943இல் ஜாசின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் பிடித்துப்போனார்கள். பர்மாவையும் சயாமையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. யார் எங்கே செத்தார் என்று குறித்துவைக்க வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்து ஆளுக்கு யார் இருந்தது? இன்னொன்று: 1905 முதல் தம்பினிலிருந்து மலாக்கா டவுனுக்கு ஒரு கிளைப்பாதை ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து சயாமுக்கு அனுப்பினார்கள். மலாக்காவிலிருந்து ஆளும் போனது, இரும்பும் போனது. மலாக்கா நகரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது.

சண்டை முடிந்து திரும்பியவர்கள் சிலர் வந்து சொன்னார்கள்: ஒருவர், அவரை ஒரு முகாமில் பார்த்தேன் என்றார். இன்னொருவர், செத்துட்டாரு என்றார், ஆனால் தான் பார்க்கவில்லை என்றார். கொள்ளுப்பாட்டி 1960கள் வரை உயிரோடு இருந்தார். கடைசிவரை மகனுக்குத் திதி கொடுக்கவிடவில்லை. "திதி குடுத்தா நாமளே அவன கொன்ன மாதிரி" என்பாராம். பாட்டி சொல்லி அம்மா சொன்னது. கொள்ளுப்பாட்டிக்கு மகன் உயிரோடு இருக்கிறான் என்று நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. மகன் வருவான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் இல்லையாம். கதவை மூட மனசில்லை, அவ்வளவுதான். அவருக்குப் பைபிள் தெரியாது. ஆனால் எதிர்நோக்கு என்று எதையாவது காட்டச் சொன்னால் நான் முதலில் இவரைத்தான் காட்டுவேன்.

பாட்டி இறந்தபோது வீட்டுக்கு வந்த பிரசங்கியார் ஒருவரிடம், தண்ணீர் கொடுத்துவிட்டு, அம்மா கேட்டார்: "அப்ப எங்கம்மா இப்ப எங்க இருக்காங்க?" அவர் யோசிக்கவே இல்லை. ஏற்றுக்கொள்ளாமல் போனவர்களுக்கு என்ன முடிவு என்று வேதம் தெளிவாகச் சொல்கிறது, இனிச் செய்ய ஒன்றுமில்லை, நீங்கள் உங்கள் பிள்ளைகளைப் பாருங்கள் என்றார். அம்மா சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சவேரியாருக்காவது துக்கம் வந்தது.

அந்த மனிதரைத் திட்டுவது சுலபம். அவருக்குப் பின்னால் ஒரு பாரம்பரியம் இருக்கிறது. தமிழ்ப் புராட்டஸ்டண்ட் மேடைகளில் அடிக்கடி கேட்கும் தொடர் 'இரட்சிப்பின் நிச்சயம்'. பழைய தமிழ் பைபிளில் எபிரெயர் நிருபம் 11ஆம் அதிகாரம் விசுவாசத்துக்குச் சொல்லும் விளக்கத்திலும் 'நிச்சயம்' என்ற சொல்தான் வருகிறது. ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24ஆம் தேதி லண்டனில் ஒரு கூட்டத்தில் உள்ளம் அனலானது, பாவம் மன்னிக்கப்பட்டது என்ற உறுதி வந்தது. அவர் வழிவந்த மெதடிஸ்டுகள் 1885இல், பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டம் மூலம், சிங்கப்பூரில் கால்வைத்து மலாயா முழுக்கப் பரவினார்கள். குடிக்கு அடிமையான ஒரு தோட்டத்துத் தொழிலாளிக்கு 'நீ மன்னிக்கப்பட்டாய், அதில் சந்தேகமில்லை' என்ற ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே வெஸ்லி 1766இல் தம்பி சார்லசுக்கு எழுதிய கடிதத்தில், நான் கடவுளை நேசித்ததே இல்லை என்ற பொருளில் எழுதி, சில பகுதிகளை வேறு யாரும் படிக்கமுடியாதபடி சுருக்கெழுத்தில் போட்டிருக்கிறார். எழுதிவிட்டு மறுபடியும் குதிரையேறிப் பிரசங்கிக்கப் போய்விட்டார். பிரசங்கியார்கள் 1738ஐச் சொல்கிறார்கள், 1766ஐச் சொல்வதில்லை. தன்னைப் பற்றிய நிச்சயம் ஒருவரைத் தூக்கி நிறுத்தலாம். அடுத்தவர் பிணத்தின்மேல் வைக்கிற நிச்சயம் வேறு சரக்கு.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தில் நகர்ந்திருக்கிறது, ஆனால் மிக மெதுவாக. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கென்று இடைக்கால இறையியலாளர்கள் 'லிம்போ' என்று ஓரிடம் வகுத்தார்கள்: துன்பம் கிடையாது, கடவுளைக் காணும் பேறும் கிடையாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 நவம்பரில், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், மனச்சாட்சிப்படி வாழ்கிறவர்களும் மீட்படையலாம் என்று ஏட்டில் எழுதியது. 1969இல் வந்த அடக்கச் சடங்கு நூலில், ஞானஸ்நானத்துக்கு முன் இறந்த குழந்தைக்கும் ஜெபங்கள் சேர்க்கப்பட்டன. அதன் பிறகு 2007 ஏப்ரலில், சர்வதேச இறையியல் ஆணைக்குழு, அந்தக் குழந்தைகளின் மீட்புக்கான எதிர்நோக்கு என்ற தலைப்பிலேயே ஓர் ஆவணம் வெளியிட்டது. பக்கம் பக்கமாக அலசிவிட்டு அது வந்து நிற்கும் இடம் இதுதான்: அவர்கள் மீட்கப்படுவார்கள் என்று நம்பி ஜெபிக்க வலுவான காரணங்கள் இருக்கின்றன, ஆனால் இவை எதிர்நோக்குக்கான காரணங்கள், நிச்சயமான அறிவுக்கான ஆதாரங்கள் அல்ல.

யாமாகுச்சியில் 'இல்லை' என்று சொன்னதிலிருந்து இந்த இடத்துக்கு வர நாலரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அதுவும் குழந்தைகள் விஷயத்தில்தான். பாட்டிகள் பற்றித் தனியாக ஆவணம் ஒன்றும் இல்லை.

நான் படித்தது பொறியியல், பட்டம் இங்கே உள்ளூரில்தான். வேலையில் எந்தப் பொருளும் பழுதாகாது என்று எழுதித்தருவதில்லை. இத்தனை மணி நேரம், இத்தனை வெப்பம், இவ்வளவு வாய்ப்பு என்றுதான் தருவோம். நண்பர்கள் சிலர் எதிர்நோக்கையும் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்: நிச்சயம் நூறு சதவீதம், எதிர்நோக்கு ஓர் அறுபது எழுபது. எனக்கு இது பொருந்தவில்லை. கொள்ளுப்பாட்டியிடம் வாய்ப்புக் கணக்கு கேட்டிருந்தால், வருடம் ஏற ஏற அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அவர் அதைப் பார்த்து நடக்கவில்லை.

தமிழில் இந்தக் குழப்பத்துக்குச் சொல்லும் ஒரு காரணம். பழைய ஜெபங்களில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று. அங்கே நடுவில் இருக்கும் 'நம்பிக்கை'தான் எதிர்பார்த்துக் காத்திருப்பது. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் வரிசை மாறி நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆனது. விசுவாசத்தின் நாற்காலியில் நம்பிக்கை ஏறி உட்கார்ந்துகொள்ள, நம்பிக்கையின் காலி இடத்துக்குப் புதிதாக 'எதிர்நோக்கு' வந்தது. எங்கள் வீட்டில் பாட்டன் காலத்து ஜெபப் புத்தகமும் புது பைபிளும் ஒரே அலமாரியில் இருக்கின்றன. ஒரே சொல் இரண்டிலும் இரண்டு அர்த்தம். 2025 யூபிலி ஆண்டுக்கு 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்று பேனர் கட்டியபோது, எதிர்நோக்குன்னா என்னங்கப்பா என்று கேட்ட பெரியவர்கள் எத்தனையோ பேர். "எதிர்பார்க்கிறதா?" என்று ஒரு பாட்டி கேட்டார். இல்லை பாட்டி, எதிர்பார்ப்புன்னா கணக்கு போட்டு வச்சிருப்போம். இது வேற என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப வேணும்னு கெடக்கிறது" என்றார். மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. பாட்டி மீட்கப்படுவார் என்று நாங்கள் எதிர்நோக்குவதற்கு, அவரிடம் அனுமதி கேட்டோமா? அவர் தம் அம்மனோடு நிம்மதியாகத்தான் இருந்தார். எங்கள் சொர்க்கத்தில் அவருக்கு இடம் பிடிப்பதும் ஒருவகை ஆக்கிரமிப்பு இல்லையா என்று ஓர் இந்து நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. என் மனசுக்குப் படுவது, பாட்டி எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்க எனக்கு உரிமையில்லை, போகக்கூடாது என்று சொல்லவும் உரிமையில்லை என்பதுதான். நண்பன் இதற்கும் சமாதானமாகவில்லை.

நவம்பர் மாதம் எங்கள் கோயிலில், இறந்தவர்களுக்காகப் பூசை வைக்க, பெயர் எழுதிப்போடும் தாள் கொடுப்பார்கள். அப்பா வழிப் பெயர்கள் எல்லாம் அந்தோணி, மரியாள், சூசை என்று வரிசையாக வரும். அம்மா அதற்குக் கீழே தம் அம்மாவின் பெயரை எழுதுவார், சாமி பெயர்தான். அதற்குக் கீழே மாமாவின் பெயர். மாமா பெயரை முதல் சில வருடங்கள் எழுதவில்லை. கொள்ளுப்பாட்டி கொடுக்காத திதியை நாம் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று யோசித்தாராம். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். இறந்தவர்கள் பட்டியலில் எழுதாமல், தாளின் பின்பக்கம் தனியாக, பெயரை எழுதிப் பக்கத்தில் 'சயாம்' என்று மட்டும் போடுகிறார். அலுவலகத்தில் தாளை வாங்கும் அக்கா இதுவரை எதுவும் கேட்டதில்லை. போன வருடம் பூசையில், மற்ற பெயர்களோடு, அதையும் வாசித்தார்கள்.